ஒரு பூசணிக்காய், மூன்று போர்டு

“மூணு கம்பெனின்னு சொல்றீங்களே, மத்த ரெண்டு பூசணிக்கா எங்கீங்க?”

பாவாயி இதைக் கேட்டபோது என் மகன் தனபால் கையில் பூசணிக்காயும் அதன்மேல் எரிகிற கற்பூரமுமாக நின்றுகொண்டிருந்தான். ஆயுத பூஜை. பட்டறை முழுக்கச் சந்தன வாசம். அவனுக்குச் சுற்றவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

“பூச நேரத்துல என்ன பேச்சு இது? அக்கட்டால போ பாவாயி.”

“போறனுங்க. பதில் சொல்லிப்போட்டீங்கன்னா போறன்.”

இந்தப் பாவாயி திருச்செங்கோட்டுப் பக்கம் தறி ஓட்டுகிற வீட்டில் பிறந்தவள். சென்னிமலை என்கிறவனைக் கட்டிக்கொண்டு நாமக்கல் வந்தாள். அவன் போர்வெல் ரிக்கோடு வடக்கே போய்க்கொண்டிருந்தவன். ஒரு நாள் பைப்பு சரிந்து இடுப்பில் விழுந்தது. இப்போது அவன் நடை சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரைக்கும்தான். ரிக் முதலாளி ஒரு தடவை வந்து பழக்கூடை ஒன்றை வைத்துவிட்டுப் போனதோடு சரி. அந்தப் பழத்தைப் பாவாயி மாட்டுக்குப் போட்டுவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் அவளிடமே கேட்டேன். “மாட்டுக்கில்லீங்க பெரீம்மா, பன்னிக்கு” என்றாள்.

அதற்கப்புறம்தான் எங்கள் பட்டறைக்கு வந்தாள். நாங்கள் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன் கேபினுக்குப் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அது அவள் வேலை. தேய்க்கத் தேய்க்க வெள்ளைத் தூசி பறக்கும். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு வருஷக்கணக்கில் தேய்த்தாள். சாயந்தரம் வீட்டுக்குப் போகும்போது தலை, புருவமெல்லாம் வெளுத்து என்னைவிடக் கிழவியாக இருப்பாள். கடைசியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பேசினால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். உறிஞ்சுகிற மருந்து, மாத்திரை, டாக்டர் பீஸ் என்று சம்பளத்தில் பாதி அதற்கே போனது. மீதிப் பாதியில் சென்னிமலைக்கும் பார்க்க வேண்டும்.

பெயிண்டர் தமிழரசு முன்பு சேலத்தில் ஒரு மில்லில் இருந்தவன். அவன்தான் அவளுக்குச் சொன்னது: “பத்துப் பேரு வேலை செஞ்சா இஎஸ்ஐ போடோணும்க்கா. நம்ம சம்பளத்துல துளி புடிப்பாங்க, மொதலாளி அதுக்கு மேல போடுவாரு. ஆஸ்பத்திரி, மருந்து, உங்க ஊட்டுக்காரருக்கும் சேத்தி.”

அவள் நேராகத் தனபாலிடம் போய்க் கேட்டாள்.

“இங்க பத்துப் பேரு எங்க இருக்கறாங்க?” என்றான் அவன்.

பட்டறையில் இருந்தது இருபத்தேழு பேர். ஆனால் வாசலில் மூன்று போர்டு தொங்குகிறது. ஒன்று அவன் பேரில், ஒன்று அவன் பெண்டாட்டி பேரில், ஒன்று என் பேரில். போர்டுக்கு ஒன்பது பேர் என்று பிரித்து எழுதிவைத்திருக்கிறான். எனக்குப் படிக்கத் தெரியாது, என் பேரில் ஒரு கம்பெனி ஓடுவது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். இந்த வயதில் முதலாளி ஆகியிருக்கிறேன், ஒரு டீ வாங்கித் தரக்கூட ஆளில்லை.

“முடியலன்னா பெரியாஸ்பத்திரி இருக்குதல்ல. அரசாங்கம் சும்மாதான பாக்குது” என்றான் தனபால்.

“சும்மா ஆருங்க பாக்கறா? சோப்பு வாங்குனா வரி, பிஸ்கோத்து வாங்குனா வரி. அதுல என்னுதும் இருக்குது. காச்சலு தலவலிக்கு அங்க போயிக்கறனுங்க. இந்தத் தூசி உங்க லாரித் தூசி. உங்க தூசிக்கு ஊரு பூராக் காசு போடோணுமா?”

“பக்கத்துப் பட்டறைக்காரன் எவனும் போடல. நான் மட்டும் போட்டா பாடி ரேட்டு ஏறும். பார்ட்டி அவங்கிட்டப் போயிருவான். அப்பறம் உனக்கு வேலையே இருக்காது பாத்துக்க.”

இதில் பாதி நிஜம். மீதிப் பாதி எங்கள் மாடியில் புதிதாகப் போட்ட மார்பிள்.

“மருந்துக்குன்னு நீ கேட்டப்பெல்லாம் நான் குடுக்கலையா?”

“குடுத்தீங்க. அதுக்கு உங்க பின்னாலயே நின்னுட்டுக் கெடந்தன். இனி நிக்கறதுக்கு மூச்சு இல்லீங்க.”

இதெல்லாம் பூஜைக்கு முந்தின வாரம் நடந்தது. அதனால்தான் அவள் பூசணிக்காயைக் கேட்டாள். தனபாலுக்கு ரோஷம் வந்துவிட்டது. டிரைவரைக் கூப்பிட்டு, “போயி இன்னும் ரெண்டு வாங்கிட்டு வாடா” என்றான்.

டிரைவர் கிளம்புவதற்குள் நான் மறித்தேன். எங்கள் குடும்பத்தில் ஒரு வாசலுக்கு ஒரு பூசணிக்காய்தான். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டால்தான் ஆளுக்கொன்று தனியாகச் சுற்றுவார்கள். என் கொழுந்தனார்கள் அப்படிச் சுற்றிப் பிரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் ஒருத்தர் சாவுக்கு ஒருத்தர் வரவில்லை.

“ஏண்டா தனபாலு, நீயும் உம்பொண்டாட்டியும் நானும் பாகம் பிரிச்சுட்டமா? எந்தச் சட்டியில நான் தனியா ஆக்கித் திங்கறன்?”

“அம்மா, நீங்க சும்மா இருங்க. இது கணக்குக்கு.”

“கணக்குக்கு மூணு, சாமிக்கு ஒண்ணா? சாமிக்கு எண்ணத் தெரியாதாடா?”

தமிழரசு சிரிப்பை அடக்க முடியாமல் கம்ப்ரசருக்குப் பின்னால் போய்விட்டான். கற்பூரம் அணையப் பார்த்தது. கையிலேயே அணைந்தால் அது இன்னும் கெட்டது. தனபால் அவசர அவசரமாகச் சுற்றி ரோட்டில் ஓங்கி உடைத்தான். பாவாயி சிதறிய துண்டுகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டே, “ஒண்ணுதானுங்க. எல்லாரும் பாத்துக்கங்க” என்றாள்.

மறுநாள் தனபால் அவளை வீட்டுக்கு வரச்சொன்னான். “உனக்கும் சென்னிமலைக்கும் ஆகற வைத்தியச் செலவு பூராவும் நான் பாத்துக்கறன். மத்தவங்ககிட்ட இந்தப் பேச்ச எடுக்காத.”

அன்றைக்கு அவளுக்கு இழுப்பு அதிகம். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானாக இருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன்.

“நல்ல மனசுங்க. நாளைக்கு உங்களுக்கு எம்மேல கோவம் வந்தா?”

அவன் செல்போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தான்.

“அதானுங்க” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

தமிழரசைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி இஎஸ்ஐ ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்தாள். விஷயம் தெரிந்ததும் தனபால் அவளுக்கு வேலை கொடுக்காமல் நிறுத்தினான். அவள் காலையில் வந்து கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள், சாயந்தரம் எழுந்து போவாள்.

“எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கற?” என்றான் அவன்.

“வேலைய உட்டு நின்னுட்டான்னு எழுதிப்போடுவீங்க. நான் நிக்கலீங்க, உக்காந்துதான் இருக்கறன்.”

நான் டீ கொடுத்தனுப்பினேன். என் கம்பெனி ஆளாக இருந்தாலும் இருக்கலாம், யார் கண்டது.

ஆபீசிலிருந்து ஓர் அம்மா வந்தாள். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். தனபால் மூன்று கம்பெனிக் காகிதத்தையும் காட்டினான். அவள் என்னிடம் வந்து, “உங்க கம்பெனியில எத்தன பேருங்கம்மா?” என்று கேட்டாள்.

“எனக்கு இருக்கறது ரெண்டு எருமைங்க. அதுகளுக்கு இஎஸ்ஐ வேண்டாம்.”

அவள் சிரிக்கவில்லை. பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள். கரண்ட் மீட்டர் ஒன்று, கம்ப்ரசர் ஒன்று. அப்புறம் தனபாலைப் பார்த்து, “ஆயுத பூஜை தனித்தனியாத்தான பண்ணுவீங்க?” என்றாள்.

“இல்லீங்க மேடம், அதெப்படி? பூசை ஒண்ணுதானுங்க” என்றான்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். கணக்கில் பொய் எழுதக் கூசாதவனுக்குப் பூஜையில் பொய் சொல்ல வாய் வரவில்லை. நான் வளர்த்த பிள்ளை.

அவள் மற்ற எல்லாவற்றோடும் அதையும் எழுதிக்கொண்டு போனாள். சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. மூன்றும் ஒன்றுதான், இருபத்தேழு பேருக்கும் இஎஸ்ஐ. பாவாயி திரும்பவும் உப்புத்தாளைக் கையில் எடுத்தாள். தனபால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். நான் ஆக்கிய சோற்றைத் தின்பதை நிறுத்தவில்லை.

முதல் சம்பளத்தன்று பட்டறையில் முணுமுணுப்பு. “உன்னால தொண்ணூறு ரூபா புடிச்சுட்டாங்கக்கா” என்று வெல்டர் ஒருத்தன் அவளிடம் சண்டைக்கு வந்தான்.

“அவரு முந்நூத்தித் தொண்ணூறு போடறாரு. நம்ம தொண்ணூறும் அதுல இருந்தாத்தான் அது நம்முது. இல்லீன்னா பழக்கூடை.”

அவள் இழுப்பு தீரவில்லை, தீராது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் மருந்துக்கு இப்போது யார் பின்னாலும் போய் நிற்பதில்லை. இஎஸ்ஐ அட்டை என்று கொடுத்தது கம்ப்யூட்டரில் எடுத்த ஒரு காகிதம்தான். அதில் அவள் போட்டோ, பக்கத்தில் சென்னிமலை போட்டோ. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய், “தண்ணி பட்டாலும் தூசி பட்டாலும் ஒண்ணும் ஆவக்கூடாதுங்க” என்று சொல்லி லேமினேஷன் போட்டு வாங்கினாள். கத்தரிக்காய்க்குக்கூட அரை மணி நேரம் பேரம் பேசுகிறவள், அதற்கு மட்டும் கேட்டதைக் கொடுத்தாள்: முப்பது ரூபாய்.