மைக் கேட்ட முதல் குரல்

போன மழைக்காலத்தில், லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் ஆன்லைனில் பிரெஞ்சு பேசக் கற்றுக்கொடுக்கிறேன். பழைய லேப்டாப் மண்டையைப் போட்டதால் புதிது வாங்கினேன். சும்மா இருக்காமல், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை நானே அதில் போட்டேன். படம் வந்தது, வைஃபை வந்தது. மைக் மட்டும் நான் எவ்வளவு கத்தினாலும் அசையவில்லை.

பேச்சுதான் என் பிழைப்பு. மைக்கே பழுது என்றால், கடைக்காரர் கெடு வைத்த சனிக்கிழமைக்குள் கொடுத்து மாற்றியாக வேண்டும். லினக்ஸில்தான் கோளாறு என்றால் மாற்றியும் பயனில்லை. இரண்டில் எது என்று எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

லினக்ஸ்காரர்கள் கூடும் ஓர் இணைய மன்றத்தில் பிரெஞ்சிலேயே எழுதிப் போட்டேன். பிரான்சிலிருந்து ஒருவர் பதில் எழுதினார். மைக் நன்றாகத்தான் இருக்கிறதாம். மாடல் புதுசு என்பதால், அதில் மைக் இருப்பதை லினக்ஸுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லையாம். என்னிடம் அந்த லேப்டாப் இல்லை, லினக்ஸுக்கு ஒரு திருத்தம் எழுதித் தருகிறேன், நீங்கள் சோதித்துச் சொல்லுங்கள் என்றார்.

"யாரோ எவரோ சொல்றார்னு லேப்டாப்ப மாத்தாம வெச்சிக்கப் போறியா?" என்றார் என் கணவர்.

சனிக்கிழமை காலை திருத்தம் வந்தது. அவர் சொன்னபடியே போட்டேன். லேப்டாப் கிரைண்டர் மாதிரி இரைந்து ஓய்ந்தது. "அலோ, அலோ" என்றேன். ஒன்றுமில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைக்குப் போகக் கணவர் ஸ்கூட்டரை வெளியே எடுத்தார்.

லேப்டாப்பைப் பெட்டியில் வைக்கப் போகும்போதுதான் கீபோர்டில் குட்டியாக ஒரு சிவப்பு விளக்கைப் பார்த்தேன். முந்தைய நாள் எரிச்சலில் கண்ட பட்டனையும் தட்டியதில், மைக்கை நானே அணைத்து வைத்திருக்கிறேன். "மைக்க ஆன் பண்ணுங்க" என்று வகுப்பில் தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்.

அந்தப் பட்டனைத் தட்டி விளக்கை அணைத்தேன். நான் வாயே திறக்கவில்லை, ஆனால் திரையில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு துள்ளியது. தெருவில் வீராம்பட்டினத்து மீன்காரம்மா, "நெத்திலி, சங்கரா" என்று கூவிக்கொண்டு போனார். அப்படியே பதிவு செய்து பிரான்சுக்கு அனுப்பினேன். யார் பாடுவது என்று கேட்டார் அவர். விவரம் சொன்னதும், திருத்தத்தின் கீழே சோதித்தவர் என்று என் பெயரைப் போட அனுமதி கேட்டார். அவர்கள் வழக்கமாம் அது.

அந்தத் திருத்தம் இப்போது லினக்ஸிலேயே சேர்ந்துவிட்டது. வகுப்பில் வாயே திறக்காத மாணவர் யாராவது வந்தால், இவருக்கு வராது என்று முன்பெல்லாம் சட்டென்று முடிவு கட்டிவிடுவேன். இப்போது, யாரும் இன்னும் சரியாகச் சொல்லித்தரவில்லையோ என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.