ஐந்து நோட்டுகளில் ஒரே வரி

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை, மாலை நாலேகால் மணி. வாடைக்காற்று. மழை இல்லை. ஆனால் கடல் பக்கம் வானம் சாம்பல் நிறத்தில் தாழ இறங்கி, நங்கூரமிட்டு நின்ற கப்பல்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டிருந்தது. மொட்டைமாடியிலிருந்து எண்ணியபோது ஏழு மிஞ்சியிருந்தன. நான் கீழே இறங்கி வந்து, சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஐந்து நோட்டுகளை வரிசையாக விரித்து வைத்தேன். சில மாதங்களாக என் கையெழுத்து கெட்டுக்கொண்டு வந்தது. எந்தத் தாள் அதைக் கெடுக்கிறது என்று அன்று கண்டுபிடித்தே தீர்வது என்றிருந்தேன்.

துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் முப்பத்து நான்கு வருடம் டேலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்க நின்று எண்ணுகிற வேலை. நான்கு கோடு நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. ஓய்வு பெற்றபின் எண்ணுவதற்கு மூட்டை இல்லாததால் நாட்களை எழுத ஆரம்பித்தேன். காற்று எந்தப் பக்கம், கடலில் எத்தனை கப்பல், வீட்டில் என்ன நடந்தது, யார் வந்து போனார்கள் என்று தினமும் மாலையில் ஒன்றரைப் பக்கம். பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட விடவில்லை. எழுதி மூடினால்தான் அந்த நாள் முடிந்ததாக எனக்குத் தோன்றும்.

எனக்கு வாய்த்தது 192 பக்கக் கோடு போட்ட நோட்டு. ஒரு நோட்டு நான்கு மாதத்துக்கு வரும். போன வருடம் ஒரு நோட்டு ஐந்து மாதத்தைத் தாண்டியது. அடுத்தது ஏழு மாதம் ஓடியது. எண்ணிப் பார்த்தேன். முன்பு வரிக்கு ஏழு சொல் எழுதியவன் இப்போது பதினொன்று எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது சந்தோஷம்தான். வயதானால் மனிதனுக்குச் சிக்கனம் தானாக வரும் என்று நினைத்துக்கொண்டேன். "இன்று முழுவதும் ஒரே பக்கத்தில் முடிந்தது" என்று பெருமையாக அந்தப் பக்கத்தின் அடியிலேயே எழுதியும் வைத்தேன்.

என் மனைவிக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. இரவு படுக்கும் முன் என் நோட்டை எடுத்து அன்றைய பக்கத்தைப் படிப்பது அவள் வழக்கம். பெரும்பாலும் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்க்கத்தான்.

"என்ன எழுதியிருக்கீய? எறும்பு சீனிக்குப் போற மாதிரி இருக்கு."

"ஒன் கண்ணாடிய மாத்து."

மாற்றினாள். மூவாயிரத்து இருநூறு ரூபாய். மறுநாள் இரவும் நோட்டை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள்.

"இந்தக் கண்ணாடியில பக்கத்து வீட்டு முருங்கை எலைய எண்ணிருவேன். ஒங்க எழுத்து மட்டுந்தான் தெரியமாட்டேங்கு."

நான் அவளை நம்பவில்லை. ஆனால் மறுநாள் பகல் வெளிச்சத்தில் முந்தின வாரத்துப் பக்கத்தைப் படித்தபோது, கடைசி நான்கு வரிகளில் நான் என்ன எழுதினேன் என்று எனக்கே புரியவில்லை. நோட்டை மூடிவிட்டுத் தாளின் மேல் பழியைப் போட்டேன்.

நோட்டு மாற்றும் படலம் அப்படித்தான் தொடங்கியது. கடல் காற்றில் தாள் ஈரம் ஊறி இழுக்கிறது என்று வழவழப்பான தாள் வாங்கினேன். அது வழுக்குகிறது என்று துணி அட்டை போட்ட கணக்கு நோட்டு வாங்கினேன். கோடுதான் நெருக்கம் என்று கோடில்லாத நோட்டு. அதில் எழுத்து சிறுத்ததோடு வரி மேல்நோக்கியும் ஏறியது. மகள் சென்னையிலிருந்து புள்ளி புள்ளியாக அச்சடித்த ஒரு நோட்டு அனுப்பினாள். விலையைச் சொல்ல மறுத்துவிட்டாள். ஐந்து மாதத்தில் நானாக வாங்கியது ஒன்பது நோட்டு. பேனா, ரீஃபில் தனி.

நோட்டுக் கடைக்காரர் என்னைவிட இருபது வயது இளையவர். என் தலையைக் கண்டாலே சிரிப்பார்.

"வாங்க அண்ணாச்சி. நோட்டா வாங்கித் தள்ளுதீய, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கீயளோ?"

"தாள் சரியில்ல தம்பி. பேனா ஓடமாட்டேங்கு."

"கம்பெனிக்காரன் வந்தா சொல்லுதேன். தூத்துக்குடியில ஒரு அண்ணாச்சிக்கு மட்டும் பேனா ஓடலையாம்னு."

அந்த மாதங்களில் வேறு சிலவும் நடந்தன. அவற்றையும் எழுதித்தான் வைத்தேன், ஆனால் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒரு நாள் அடுப்பில் சாளை மீன் குழம்பு அடிப்பிடித்துக் கருகி, பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து கதவைத் தட்டினாள். பத்தடி தூரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த எனக்கு வாசமே வரவில்லை. "மூக்கடைப்பு" என்று எழுதினேன். இன்னொரு நாள் கடற்கரைச் சாலையில் நடந்தபோது, பின்னால் வந்த மனைவி கூப்பிட்டுச் சொன்னாள்: "ஒத்தக் கைய வீசிட்டே நடக்கீய. வலது கையில என்ன, கொடையா?" கையைக் குனிந்து பார்த்தேன். அது விலாவோடு ஒட்டிக்கொண்டு, யாருடையதோ போல வந்துகொண்டிருந்தது. அதற்கும் "குளிர்" என்று எழுதினேன்.

இனி அந்த நவம்பர் மாலை. ஐந்து நோட்டிலும் ஒரே பேனாவால் ஒரே வரியை ஐந்து தடவை எழுதினேன்: "இன்று வாடைக்காற்று, கடல் கலங்கல், கப்பல் ஏழு." பிறகு ஸ்கேலை எடுத்து எழுத்தின் உயரத்தை அளந்தேன். முதல் நோட்டில் ஆறு மில்லிமீட்டரில் தொடங்கிய எழுத்து ஐந்தாவது வரியின் முடிவில் இரண்டுக்கு இறங்கியிருந்தது. கணக்கு நோட்டில் ஆறு, இரண்டு. வழவழப்புத் தாளிலும் அதேதான். கோடில்லாததிலும் புள்ளி நோட்டிலும் அதேதான். எந்தத் தாளும் மற்றதைவிட நல்லதாகவோ கெட்டதாகவோ இல்லை.

துறைமுகத்தில் ஒரு முறை உண்டு. ஒரே மூட்டையை இரண்டு பேர் எண்ணுவோம். கப்பல் பக்கம் ஒருவர், கரைப் பக்கம் ஒருவர். மாலையில் இரண்டு கணக்கையும் ஒத்துப் பார்ப்போம். குறைந்தது சரக்கா, எண்ணியவனின் கவனமா என்பது அப்போதுதான் தெரியும். நான் இத்தனை மாதமும் ஒரு பக்கக் கணக்கை வைத்துக்கொண்டு சரக்கைக் குறை சொல்லியிருந்தேன்.

"ஏளா, இங்கன வா."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்த வரிய ஒவ்வொரு நோட்டுலயும் அஞ்சு தடவ எழுது."

"என்ன, இம்போசிஷனா? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"எழுதுளா."

"வேலையத்த கணக்கு," என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்து எழுதினாள். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. குண்டு குண்டான எழுத்து, அவசர எழுத்தும்கூட. மூன்றாவது நோட்டுக்கு வந்தபோது, "கப்பல் ஏழுன்னு நீங்க எண்ணுனது சரிதானா?" என்று கேலி செய்தாள். அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வரியின் முதல் எழுத்து ஆறு மில்லிமீட்டர். ஐந்தாவது நோட்டின் கடைசி எழுத்தும் ஆறு.

அளந்து முடித்தேன். ஸ்கேலைக் கீழே வைத்தேன். அவள் இரண்டு பேர் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கேலி முகத்திலிருந்து போய்விட்டது.

"தாளு நல்லாத்தான இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தாளு நல்லாத்தான் இருக்கு."

வெளியே காற்று பலத்து, மாடிக் கதவு ஒரு தடவை அடித்தது. நான் போய்த் தாழ் போட்டுவிட்டு வந்தேன். அவள் இன்னும் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த வாரம் பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனோம். ஐந்து நோட்டையும் துணிப்பையில் எடுத்துப் போனேன். மருத்துவர் சின்ன வயதுக்காரர். விரலை மூடித் திறக்கச் சொன்னார். இடது கை சொன்னபடி கேட்டது. வலது கை நான்காவது தடவையில் தயங்கிப் பாதியில் நின்றது. நடக்கச் சொன்னார். வாசனை தெரிகிறதா என்று கேட்டார். என் மனைவி அடிப்பிடித்த குழம்பைப் பற்றிச் சொன்னாள். பிறகு அவர் நோட்டுகளை வாங்கிப் புரட்டினார்.

"பார்க்கின்சன் மாதிரி தெரியுது சார். ஸ்கேன் ஒண்ணு எடுத்துப் பாத்துருவோம்."

"அது நடுக்கமில்லா? எனக்குக் கையே நடுங்கலையே."

"எல்லாருக்கும் நடுக்கத்துலதான் ஆரம்பிக்கணும்னு இல்ல. சிலருக்கு மொதல்ல எழுத்து சுருங்கும். எப்போ இருந்து இப்படி இருக்கு?"

அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளை எடுத்துப் பின்னோக்கி அளந்துகொண்டே போனேன். எழுத்து முதல் தடவை ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்கிய பக்கம் கிடைத்தது. அதன் அடியில்தான் "இன்று முழுவதும் ஒரே பக்கத்தில் முடிந்தது" என்று இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் எழுதியவை எல்லாம் சாதாரண நாட்கள்.

மாத்திரை ஒரு மாதத்துக்கு ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய். ஸ்கேன் ஆறாயிரத்து ஐந்நூறு. மருத்துவருக்கு அறுநூறு, போய்வர முந்நூறு. தினமும் பெரிய எழுத்தாக, அகலமான கோட்டுக்குள், நிதானமாக எழுதிப் பழகச் சொன்னார் மருத்துவர். எழுத்து திரும்புமா என்று கேட்டேன். "இருக்கிறதப் பிடிச்சு வைப்போம் சார்" என்றார்.

நோட்டுக் கடையில் பிள்ளைகள் எழுதிப் பழகும் இரட்டைக் கோடு நோட்டைக் கேட்டேன். முப்பத்தைந்து ரூபாய்.

"பேரப்பிள்ளைக்கா அண்ணாச்சி?"

"ஆமா."

"எத்தனாங் கிளாஸு?"

"ஒண்ணாங் கிளாஸு."

எங்களுக்குப் பேரப்பிள்ளை கிடையாது. கடைக்காரர் அட்டையில் பூனைப் படம் போட்டதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

அன்று மாலை மனைவி எதிரே உட்கார்ந்துகொண்டாள். எழுத்து சிறுக்கும்போதெல்லாம் மேசையில் ஒரு விரலால் தட்டுவது அவள் வேலை என்று அவளே முடிவு செய்திருந்தாள். மருத்துவச் செலவோடு, ஒன்பது நோட்டுக்கு எண்ணூற்று எழுபதும், பேனா ரீஃபிலுக்கு இருநூற்று நாற்பதும், தேவையில்லாமல் மாற்றிய அவள் கண்ணாடியும், இந்தப் பூனை நோட்டும் சேர்த்துக் கூட்டினேன். காசோலையில் எழுதுவது போல எழுத்தால் எழுதத் தொடங்கினேன். முதல் சொல் மேல்கோட்டைத் தொட்டது. இரண்டாவது சொல்லில் அவள் ஒரு தடவை தட்டினாள். மூன்றாவதில் இரண்டு தடவை. ரூபாய் பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று எண்பத்தைந்து மட்டும்.