கண்டியில் எங்களுக்குத் தங்கச்சி இல்லை

"திறப்பு என்ட அலுமாரிக்குள்ள இரிக்கு. கார் முத்தத்துல இரிக்கு. ரெண்டும் சுகமா இரிக்கு. வேற என்னவும் கேக்கணுமா புள்ள?"

மன்னாரிலிருந்து மர்ழியா ராத்தா போனில் இப்படிச் சொன்னது ஒரு வியாழக்கிழமை காலையில். ஞாயிற்றுக்கிழமை எங்கள் முதலாளி சமீம் ஹாஜியாரின் மூத்த மகனுக்குக் கலியாணம். மாப்பிள்ளை போக வேண்டிய வெள்ளைக் கார் அதுதான்; திறப்பு என்றது அதன் சாவியை. மர்ழியா ராத்தா ஹாஜியாரின் கடைசித் தங்கச்சி; எனக்கு அக்கா மாதிரி, அதனால்தான் ராத்தா. காரை ராத்தா வீட்டுக்கு அனுப்பியவள் நான். அது திரும்பி வராததற்குக் காரணமும் நான்தான் என்பது அந்த போன் கோல் முடிவதற்குள் விளங்கிவிட்டது.

என் பெயர் பரீதா. ஊர் குறிஞ்சிப்பிட்டி. கற்பிட்டி வீதியில் உள்ள ஒரு ரென்ட் அ கார் கந்தோரில் பதினாறு வருடமாகக் கவுண்டரில் இருக்கிறேன். ஐந்து கார், இரண்டு வேன், ஒரு ஹாஜியார், ஒரு நான். கம்பெனி அவ்வளவுதான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் 'வண் வே' பற்றிக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். எழுதி வைத்துவிட்டால் இனி வாய் நோகாது.

1. போர்டில் இருந்த நாலு ஊர்

வண் வே என்றால் காரை ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் விட்டுவிட்டுப் போவது. எடுக்கிறவருக்கு லேசு. கொடுக்கிறவருக்குத்தான் தலையிடி. விட்ட இடத்தில் காரைப் பாரமெடுக்க ஓர் ஆள் வேண்டும். கீறல் பார்க்க வேண்டும், பெற்றோல் பார்க்க வேண்டும், பிறகு அதைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வரவும் ஓர் ஆள் வேண்டும். அதனால்தான் பெரிய கம்பெனிகள்கூட எயார்போர்ட், கொழும்பு என்று இரண்டு மூன்று இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எங்கள் போர்டில் நாலு ஊர் இருந்தது. சிலாபம், நீர்கொழும்பு, அனுராதபுரம், மன்னார். மேலே 'எமது கிளைகள்' என்று தங்க நிற எழுத்து. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை நான் அதை அப்படியே நம்பி, கிளைகளின் முகவரியைக் கேட்டேன். ஹாஜியார் தலையைச் சொறிந்தார்.

"சிலாபத்துல என்ட பெரிய தங்கச்சி. நீர்கொழும்புல ரெண்டாவது. அனுராதபுரத்துல மூணாவது. மன்னாருல கடைசி. வேற என்னத்துக்கு அட்ரஸ்?"

எங்கள் கம்பெனியின் லொகேஷன் பொலிசியை வகுத்தவர் ஹாஜியார் இல்லை, அவருடைய வாப்பா. அவர் மகள்மாரை எந்த ஊரில் கட்டிக் கொடுத்தாரோ அந்த ஊரில் காரை விடலாம். திருகோணமலையில் ஒரு மகளைக் கொடுத்திருந்தால் நாங்கள் கிழக்கு மாகாணத்தையும் பிடித்திருப்போம். ஒருமுறை ஒரு வெள்ளைக்காரர் காரைக் கண்டியில் விடலாமா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீசில், கண்டியில் எங்களுக்குத் தங்கச்சி இல்லை என்று சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி அனுதாபம் தெரிவித்துவிட்டுப் போனார்.

கார் வந்து சேர்ந்ததும் நிரப்புவதற்கு என்று ஒரு படிவம் அடித்து நாலு வீட்டுக்கும் கொடுத்திருந்தேன். நீர்கொழும்பிலிருந்து வரும் அறிக்கை எப்போதும் ஒன்றுதான். "கார் வந்திச்சி. நாலு சில்லும் இரிக்கு." எண்ணிப் பார்த்துத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

திரும்பும் பயணத்துக்கு டிரைவர் கிடையாது. குடும்பத்தில் யார் புத்தளம் பக்கம் வருகிறாரோ அவர் ஓட்டி வருவார். கலியாண வீடு, மௌத்து வீடு, கண் டொக்டர், எதுவானாலும் சரி. ஒருமுறை சிலாபத்தில் ஒரு கார் ஒன்பது நாள் நின்றுவிட்டது. நல்லகாலமாகப் பெரிய தங்கச்சியின் புருஷனுக்குப் பல்லு வலித்தது, கார் வந்தது.

நாலில் மன்னார்தான் திறம். இரண்டாம் நாளே மர்ழியா ராத்தாவின் புருஷன் ஜவாத் மச்சான் காரைக் கொண்டுவந்து நிறுத்துவார். டிக்கியில் ஒரு பார்சல் கட்டாயம் இருக்கும். பேப்பரில் சுற்றி, பையில் போட்டு, மேலே 'நானாவுக்கு', அதாவது அண்ணனுக்கு, என்று எழுதிய கருவாடு.

2. கருவாட்டுச் சட்டம்

கருவாட்டை ஹாஜியார் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மணம் காரில் இருக்கும். ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த புதுமணத் தம்பதி காரை எடுத்துக்கொண்டு போய் அரை மணித்தியாலத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். பெண் மூக்கைப் பொத்தியபடியே இறங்கினாள். ஹாஜியாருக்கு முகம் கறுத்துவிட்டது.

"எழுது பரீதா. இனி ஒரு கார்லயும் கருவாடு வரப்படாது. எல்லாக் கிளைக்கும் அனுப்பு." கொஞ்சம் பொறுத்து, "மவன்ட கலியாணக் காட்டயும் போட்டோ புடிச்சி எல்லாருக்கும் அனுப்பு" என்றார்.

தங்கச்சிமார் நாலு பேரும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் என்னிடம் இருந்தது. பெயர் 'டிராப் பொயிண்ட்'. அதில் முதலில் இதைப் போட்டேன்: 'வாகனங்களில் கருவாடு மற்றும் மணமுள்ள பொருட்கள் அனுப்புதல் இன்று முதல் முற்றாகத் தடை. மீறும் கிளைகள் நீக்கப்படும்.' எல்லாரும் இதிலேயே இருக்கிறார்களே என்று, அதற்கு நேர் கீழே கலியாணக் காட்டையும் போட்டேன். இரண்டு வேலையும் ஒரு நிமிடத்தில் முடிந்தது என்று சந்தோஷமாகத் தேத்தண்ணி குடித்தேன். அந்தத் தேத்தண்ணியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவருக்குக் கலியாணம் சொல்வதென்றால் வாசலுக்குப் போய், உட்கார்ந்து, வாயால் சொல்ல வேண்டும். காட் பேருக்குத்தான். சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் அனுராதபுரத்துக்கும் ஹாஜியார் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். மன்னாருக்கு மட்டும் "போகத்தான் இரிக்கு" என்று இழுத்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் முழங்கால், ஒருநாள் சீனி வருத்தம், ஒருநாள் மழை. மழை எங்கள் பக்கம் பெய்யவேயில்லை. ஆக, மர்ழியா ராத்தாவுக்கு மருமகனின் கலியாணச் செய்தி என்று போனது, கருவாட்டுச் சட்டத்துக்குக் கீழே நான் போட்ட அந்தப் போட்டோ மட்டும்தான்.

3. ஆணி இருந்தது

அதே கிழமை, கடலில் பட்டம் கட்டிச் சறுக்க வந்திருந்த ஒரு வெள்ளைக்காரச் சோடி, மன்னாரில் பறவை பார்த்துவிட்டு அங்கிருந்து ரயிலில் கொழும்பு போக வேண்டும் என்று வண் வே கேட்டார்கள். செவ்வாய் போய்ச் சேரும், வியாழனுக்குள் ஜவாத் மச்சான் கொண்டுவந்துவிடுவார், கலியாணத்துக்குக் கார் நிற்கும் என்று கணக்குப் போட்டு வெள்ளைக் காரைக் கொடுத்தேன். வியாழன் வந்தது, கார் வரவில்லை. கோல் எடுத்தேன்.

அலுமாரிக் கதையைச் சொன்ன பிறகு ராத்தா கேட்டார். "கருவாடு அனுப்பினா கிளைய நீக்குவீங்களாம். நான் கிளையா புள்ள, தங்கச்சியா? அத முதல்ல செல்லுங்க."

"ராத்தா, அது நான் தெரியாமச் செஞ்ச பிழை."

"ஒன்ட பிழை இல்ல. யுத்தம் முடிஞ்சி நாங்க ஊருக்குத் திரும்பி வந்து எத்தன வருஷம். நானா ஒரு நாளாவது இந்த வாசல்ல வந்து நிண்டிரிக்காரா? காரு வருது, போகுது. நானாட கார் எண்டு நான் ஒவ்வொரு தரமும் வெளிய ஓடிப் போய்ப் பாக்கிறன். யாரோ ஒரு வெள்ளக்காரன் எறங்குறான்." பிறகு ராத்தா தீர்த்துச் சொன்னார். "நானா வந்து கேட்டாத் திறப்பு தருவன். வேற ஆருக்கும் தர மாட்டன்."

போன் கைமாறியது. ஜவாத் மச்சான் ரகசியமாகப் பேசினார். "புள்ள, நான் நேத்தே வெளிக்கிட்டு நிண்ட. அலுமாரிட திறப்பயும் அவ ஒளிச்சிட்டா. நான் கதச்ச எண்டு செல்லாதீங்க."

போனை வைத்தேன். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஹாஜியார் இருபது வயதுப் பொடியன். ஆறு வயதுத் தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் ஏறியவர் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார். அதன்பிறகு அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. தோளில் வந்த அந்தப் பிள்ளைதான் மர்ழியா. அவரும் ஜவாத் மச்சானும் மன்னாருக்குத் திரும்பிப் போகப் போகிறோம் என்றபோது ஹாஜியார் ஒரு மாதம் கதைக்கவில்லையாம். பிறகு அந்த வீட்டைக் 'கிளை' ஆக்கினார். கோபம் தீர்ந்ததைச் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

வெள்ளைக் காரின் ஸ்பெயார் திறப்பு என் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எந்தத் துணிச்சலில் எடுத்தேன் என்று தெரியாது. எடுத்து என் ஹேண்ட்பேக்குக்குள் போட்டுவிட்டேன். அடுத்த நிமிடம் ஹாஜியார் உள்ளே வந்தார். காரை ராத்தா தடுத்து வைத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

"அதுக்கென்ன, ஸ்பெயார எடு. ஆரயும் அனுப்பி எடுப்பிப்பம்."

"ஸ்பெயாரக் காணல்ல ஹாஜியார்."

"ஆணியிலதானே தொங்கின?"

"ஆணி இரிக்கு."

பதினாறு வருடத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் பொய். பிடிபட்டால் வேலை போகும், வேலை போனால் எங்கள் வீட்டு அடுப்பும் நிற்கும். அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்டேப்ளரால் வெறும் கடதாசியைக் குத்திக்கொண்டே இருந்தேன்.

"அப்ப வேற காரப் போடுவம். மாப்பிள கார் எண்டு அதுக்கு நெத்தியிலயா எழுதியிரிக்கு?"

"போடலாம் ஹாஜியார். கலியாண வீட்டுல, மன்னார்த் தங்கச்சி எங்க எண்டு கேப்பாங்க. அதுக்கு எந்தக் காரப் போடுற?"

அவர் கதிரையில் உட்கார்ந்தார். "அவ என்ன சென்ன?" என்று மெல்லக் கேட்டார். வெள்ளைக்காரன் இறங்குகிற கதையை ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஹாஜியார் எழும்பி, சுவர்க் கலண்டரை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அது போன மாதத்துத் தாள்.

"மன்னாருக்குப் பஸ் எத்தன மணிக்கு?"

"பஸ்ஸா? கார் நிக்குதே ஹாஜியார்."

"கார்ல போனா ரெண்டு காரத் திருப்பிக் கொண்டு வரணுமே. பதினாறு வருஷமா என்னத்தப் படிச்ச நீ? நான் வண் வே போறன்."

4. இறங்கியது யார்

வெள்ளிக்கிழமை சுபஹு தொழுதுவிட்டு, கலியாணக் காட்டும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாகப் பஸ் ஏறினார். அனுராதபுரத்திலிருந்து முதல் கோல். "இந்த டிரைவர் கிளச்சில காலப் போட்டுக்கிட்டே ஓட்டுறான். நான் சென்னன். எறங்கிப் போங்க எண்டுறான்." இரண்டாவது கோல் மதவாச்சி தாண்டி. சீட்டுக்குப் பெல்ட் இல்லையாம், படிவத்தில் நான் எழுதிக்கொள்ள வேண்டுமாம்.

மூன்றாவது கோலில் ஒரு முறைப்பாடும் இல்லை. "பரீதா, மன்னார்ப் பாலம் தெரியுது" என்றார். பிறகு காற்றுச் சத்தம் மட்டும். "நாங்க வரக்குள்ள வள்ளம்" என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணிவிட்டார். எனக்குக் கண் கலங்கிப் போய், கவுண்டரில் நின்ற ஆளுக்கு வேனுக்குப் பதில் காருக்கு பில் எழுதிவிட்டேன்.

வாசலில் நடந்தது ஜவாத் மச்சான் சொல்லித் தெரியும். ஹாஜியார் கேற்றடியில் நின்று ஸலாம் சொல்லியிருக்கிறார். உள்ளே இருந்தே ராத்தா கேட்டாராம், "எறங்கினது ஆரு? வெள்ளக்காரனா?"

"ஓம். வெயில்ல கொஞ்சம் கறுத்துப் போனவன்" என்றாராம் ஹாஜியார்.

ராத்தா வெளியே வந்தார். ஹாஜியார் காட்டை நீட்டி, "ஞாயித்துக்கிழம மவனுக்குக் கலியாணம். நீதான் வந்து முன்னுக்கு நிண்டு செய்யணும்" என்றார். ராத்தா உள்ளே போய், ஒளித்து வைத்த திறப்பை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். ஜவாத் மச்சான் காரின் பின்பக்கம் போய், நல்லாயிருந்த சில்லுக்கே காற்றுப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாராம். அன்றைக்கே திரும்புவேன் என்று போன ஹாஜியார், ஜும்ஆ தொழுது, தங்கச்சி கையால் சாப்பிட்டு, ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்.

5. மாப்பிள்ளை கார்

சனிக்கிழமை பின்நேரம் கார் வந்தது. ஹாஜியார் ஓட்ட, பக்கத்தில் மர்ழியா ராத்தா, பின்னால் ஜவாத் மச்சானும் பிள்ளைகளும். டிக்கியைத் திறந்தேன். கருவாடு ஒரு பார்சல் இல்லை, நாலு பார்சல். சட்டம் போட்டவரே ஓட்டி வந்திருக்கிறார், நான் யாரை நீக்குவது? தேசிக்காய் பிழிந்து கழுவினேன், சாம்பிராணி போட்டேன். சாம்பிராணி போட்ட கருவாடாக மணத்தது. ஞாயிற்றுக்கிழமை புதுப்பெண் ஏறியதும் மூக்கைச் சுளித்தாள். "அது எங்கட ஊர் மணம் மவள், பழகிக்கங்க" என்றார் ஹாஜியார். எங்கட ஊர் என்று மன்னாரை அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

புதிதாகக் கவுண்டரில் உட்காருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். குடும்பக் கதையையும் கந்தோர் அறிவித்தலையும் ஒரே குரூப்பில் போடாதீர்கள். ஓர் ஊருக்கு வண் வே எழுத முதல், கார் நிற்க அங்கே இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். முதலாளி அந்த வாசலுக்குக் கடைசியாக எப்போது போனார் என்றும் கேளுங்கள்.

திங்கட்கிழமை காலை ஹாஜியார் வெள்ளைக் காரின் திறப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆணியைப் பார்த்தார்.

"ஸ்பெயார் கெடச்சதா?"

"கெடச்ச ஹாஜியார்."

"எங்க கெடந்த?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். பதினாறு வருடத்துக்கு ஒன்று போதும் என்று தோன்றியது. "என்ட பேக்குக்குள்ள" என்று சொல்லி, அதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

ஹாஜியார் திறப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் தள்ளினார்.

"பேக்குக்குள்ளயே இரிக்கட்டும். அடுத்த மாசம் நீர்கொழும்புக்காரியோட கோவிச்சாலும் கோவிப்பன்."