வெள்ளைத் தாள் ஒட்டிய பாட்டு

அந்துருண்டை நெடி மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். ஒசூரில் எங்கள் தேவாலயத்து மண்டப மூலையில் கிடந்த பழைய பியானோவின் வயிற்றுக்குள், எலி குடியேறாமலிருக்க, அப்பா சிறு சிறு துணிப் பைகளில் அந்துருண்டையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எலிப் புழுக்கையும் மக்கிய கம்பளியும் அதோடு சேர்ந்து அடித்த அந்த வீச்சத்தில்தான் என் பன்னிரண்டாம் வயது கழிந்தது.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவர். ஒரு தொழிற்சாலையின் "டூல் ரூமில்" கடைசல் வேலை. பியானோவின் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்க்க ஒரு சாவி வேண்டுமென்று லேத்தில் தானே அதைக் கடைந்துகொண்டவர், தமிழ்ச் செய்யுள் புத்தகங்களைப் பழைய கடையில் வாங்கி வந்து, பிடித்த பாட்டுக்கெல்லாம் மெட்டுப் போட்டுக் கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பார். கீர்த்தனை, சினிமா, கச்சேரி என்று எதிலும் சேராத பாட்டுகள் அவை. ஒரு குரல், ஒரு பியானோ, நடுவில் ஒரு பழம்பாட்டு, அவ்வளவுதான். குரல் அம்மாவுடையது. கிருஷ்ணகிரியில் பிறந்து, கைக்கடிகாரத்துக்குப் பல்சக்கரம் பொருத்தும் வேலைக்கு ஒசூர் வந்த அம்மா, மத்திகிரி வாடகை வீட்டில் துணி துவைத்துக்கொண்டே அவற்றைப் பாடினால், மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா, "சென்னாகிதே, நல்லாருக்கு, இன்னொரு தபா பாடும்மா" என்று பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் கேட்பார்.

அவற்றில் ஒன்றுதான் "வளைப் பாட்டு". பொருள் தேடிப் போனவன் சொன்ன நாளில் திரும்பவில்லை. காத்திருப்பவளின் தோள் மெலிகிறது. கையிலிருந்து வளை கழன்று விழுகிறது. அதை அவள் தோழியிடம் சொல்கிறாள். வளை கழலும் இடம் வந்ததும் அம்மாவின் குரல் நின்றுவிடும், பியானோ மட்டும் ஒவ்வொரு சுரமாகக் கீழே இறங்கும், கடைசிச் சுரத்துக்குப் பிறகு அப்பா கையைத் தூக்கிவிடுவார், ஒரு மூச்சு நேரத்துக்கு எந்தச் சத்தமும் இருக்காது.

விளைச்சலைக் காணிக்கையாக்கும் அந்த வருடத்து அறுப்பின் பண்டிகை மாலை நிகழ்ச்சியில் அம்மா இதைப் பாடுவதென்று முடிவானது. எங்கள் சபையில் மேடையேறும் எந்தப் பாட்டும் முதலில் தாளில் எழுதிக் கமிட்டிக்குப் போய், செயலாளரின் கையெழுத்தோடு திரும்ப வேண்டும். அம்மாவுக்கு அதுதான் முதல் மேடை. மேடையென்றால் அவளுக்கு என்னவென்பதை, பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே இஸ்திரி போட்டுச் செய்தித்தாளில் சுற்றி வைத்த பச்சைப் புடவையிலிருந்து நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

பாட்டுத் தாளோடு செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். சொந்தத்தில் சின்னப் பட்டறை வைத்திருந்தவர், மடிப்புக் கலையாத சட்டைக்காரர். அம்மா வைத்த காப்பியைச் சப்புக்கொட்டிக் குடித்துவிட்டு, "தோளு, வளையலு... இதெல்லாம் சபையில பாடற பாட்டா சார்? பொம்பளைங்க, பசங்கல்லாம் இருப்பாங்கல்ல? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் குடுங்க. மெட்டு நல்லா கீது" என்றார். எழுந்து போகும்போது, மண்டபத்துச் சாவி வளையத்தை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே போனார். அந்தக் கிலுகிலுப்பு அப்பாவுக்கு நன்றாகவே புரிந்தது.

அன்று மாலையே அப்பா "அட்ஜஸ்ட்" செய்தார். மைதாப் பசை காய்ச்சி, வெள்ளைத் தாளைப் பட்டை பட்டையாக வெட்டி, நோட்டில் செய்யுளின் ஒவ்வொரு வரியின் மேலும் ஒட்டி, புதுச் சொற்களை எழுதினார். வராத காதலன் வரப்போகும் இரட்சகர் ஆனான். மெலிந்த தோள் சிலுவை சுமந்த தோள் ஆனது. தோழி, சபை ஆனாள். கழன்று விழுந்த வளையோ பாவச் சங்கிலி! அந்த மௌனம் மட்டும் காலியாகக் கிடந்தது. அது கமிட்டிக்கு நெருடுமென்று அங்கே ஓர் "அல்லேலூயா"வைத் திணித்தார். நான் இன்றும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள். ஆண்டவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவரைப் பாட அப்பாவுக்கு வேறு மெட்டே கிடைக்காதா என்ன?

அம்மா நோட்டை வாங்கிப் படித்தாள். "எம் பாட்டுல எச்சியத் துப்பி எங்கையிலயே குடுக்கறீங்களா? எனக்கு அருவருப்பா இருக்குதுங்க."

"சாவி அவர்ட்டல்லா இருக்கு. பியானோவத் தொட விடலன்னா நான் எங்க போவேன்?"

"அப்ப நீங்களே பாடிக்குங்க."

மறுநாள் அப்பா என்னைக் கூப்பிட்டார். எனக்கு மெட்டு மனப்பாடம், மேடை ஆசை வேறு. நான் ஒரு பேச்சுக்காவது அம்மாவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள், அது தெரிந்தேதான் கேட்கவில்லை. பண்டிகையன்று புதுப் பாவாடையில் நின்று, பாவச் சங்கிலியைக் கழற்றி, சுரங்கள் இறங்கி முடிந்ததும் நான் "அல்லேலூயா" என்று இழுக்க, கூட்டம் கைதட்டியது. அம்மா கடைசி வரிசையில் வீட்டுப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். பரிசாக வந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸில் மூன்று வருடம் அவளே எனக்குத் தினமும் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். துவைக்கும்போது பாடுவதையும் அதோடு விட்டுவிட்டாள். அந்தச் சாதத்தை நான் ருசித்துச் சாப்பிட்டேன் என்பதை நினைத்தால் எனக்கே என்னைக் கண்டால் பிடிக்கவில்லை.

அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள். பியானோவை மரத்துக்கும் கம்பிக்குமாகப் பிரித்து விற்றார்களாம். இப்போதிருக்கும் குளிரூட்டிய கூடத்தில் பொத்தானை அமுக்கினால் தாளம் போடும் கீபோர்டு இருக்கிறது. அப்பாவும் இல்லை. ஆனால் "அல்லேலூயா பாட்டு" மட்டும் சாகவில்லை. வருடா வருடம் பாடகர் குழு அதை இடுப்பை ஆட்டிப் பாடி, கைப்பேசியில் எனக்கும் அனுப்பிவைக்கிறது. போன மாதம் வெறுத்துப்போய் அப்பாவின் நோட்டைத் தேடியெடுத்து, வெள்ளைத் தாளை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். பசைக்கு ஆசைப்பட்ட பூச்சிகள் அடியில் இருந்த எழுத்தையும் சேர்த்தே தின்றிருந்தன. செய்யுள் புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் எந்தச் சொல்லை எந்தச் சுரத்தில் அப்பா வைத்தார் என்பதை இனி அம்மாதான் சொல்ல வேண்டும்.

கேட்டேன். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, கண்ணை மூடி, எழுபது வயதுக் குரலில் அம்மா பாடினாள். முதல் வரியிலேயே இரட்சகர் வந்துவிட்டார். நான் வளை விழும் இடத்துக்குக் காத்திருந்தேன். குரல் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இறங்கும் சுரங்களை விரலால் அடுப்பு மேடையில் தட்டினாள். அடுத்து அந்த மௌனம் வருமென்று நான் மூச்சைப் பிடித்திருந்தபோது, அம்மா தெளிவாக, அழகாக, "அல்லேலூயா" என்று இழுத்தாள்.

"இப்படித்தானே இருந்துச்சு?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.