அருள்மேரி திருத்தி எழுதிய அத்தியாயம்

செய்தி வந்தபோது நான் ஸ்ரீபெரும்புதூர் நீதிமன்ற வராந்தாவில், என் வழக்கைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். பேராசிரியர் அருள்மேரியின் தங்கை ஸ்டெல்லா போனில் பேசினார். "அக்கா காலையில போயிட்டாங்க சார். காபி கேட்டாங்க. போட்டு எடுத்தாந்தேன், அதுக்குள்ள..." என்று நிறுத்திவிட்டார். உள்ளே போய் வாய்தா கேட்டேன். காரணத்தைச் சொன்னதும் எதிர்த்தரப்பு வக்கீலும் எழுந்து, "எனக்கு ஆட்சேபணை இல்லை, நானும் போகணும்" என்றார். அருள்மேரியோடு மேடையில் காரசாரமாக மோதியவர் அவர்.

இதைப் படிப்பவர்களில் பலர் சட்டக் கல்லூரியில் அவரிடம் பயின்றவர்கள். மத சுதந்திரத்தைப் பற்றியும், அரசு மதத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதைப் பற்றியும் அவர் தமிழில் எழுதிய புத்தகம் உங்களிடம் இருக்கும். நான் அவர் மாணவன் அல்ல. ஓய்வு பெற்று அவர் படப்பைக்குக் குடிவந்த பிறகு, ஒரு வழக்குக்காகத்தான் அவர் வீட்டுக்குப் போனேன்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் சிலர், வாடகை வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஜெபம் நடத்தி வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்க, முன் அனுமதி இல்லாமல் அங்கே ஜெபிக்கக் கூடாது என்று ஓர் அதிகாரி நோட்டீஸ் அனுப்பிவிட்டார். நான் பையன்களின் வக்கீல். அருள்மேரி நோட்டீஸைப் படித்துவிட்டு, "மைக் வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு அவரே வந்தார். மாடிக்குப் போகாமல் முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். வாரம் முழுக்க நைட் ஷிப்ட் பார்க்கும் அந்த மனிதர், "எனக்கு அவங்க சாமி மேல ஒண்ணும் கோவம் இல்லம்மா. நான் தூங்கறதே ஞாயித்துக்கெழமதான். ஸ்பீக்கர் என் தலமாட்டுல கீது" என்றார்.

வீட்டில் ஜெபிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை, ஒலிபெருக்கிக்கு மட்டும் விதி உண்டு என்று அருள்மேரி எழுதிக் கொடுத்தார். பையன்களில் மூத்தவனான ஜெபசிங்குக்கு வருத்தம். "மேடம், நீங்களும் கிறிஸ்தவங்கதான? நம்ம பக்கம்லா பேசணும்?" என்றான். "உன் பக்கம்தான்பா பேசியிருக்கேன். அவர் பக்கமும் சேர்த்து" என்றார். ஸ்பீக்கரை எடுத்தார்கள். நோட்டீஸும் ரத்தாயிற்று.

அதன் பிறகுதான் அவர் புத்தகத்தை முழுதாகப் படித்தேன். ஓர் அத்தியாயம் என்னை உறுத்தியது. எந்த மதத்தின் உள் விவகாரத்திலும் அரசு கால் வைக்கக் கூடாது, சீர்திருத்தம் உள்ளேயிருந்துதான் வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். நேரே போய்ச் சொன்னேன்: "மேடம், அரசாங்கம் கால் வைக்காம இருந்திருந்தா எங்க அப்பா இன்னமும் கோயிலுக்கு வெளியதான் நின்னுகிட்டு இருப்பார்." அவர் வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, "வக்கீல் சார், உங்க அப்பாவை நான் பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

பார்க்க வந்தார். எங்கள் காலனி வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியை அப்பாவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்பா சொன்னார்: "தாசில்தாரு போலீஸ் ஜீப்ல வந்தாரும்மா. வாங்கடான்னு என் கைய புடிச்சி உள்ள இட்டுகினு போனாரு."

"உள்ளே போய் என்ன வேண்டிக்கிட்டீங்க ஐயா?"

"இன்னாத்த வேண்டிக்கிறது? பயம். சாமியவே பாக்கல. தாசில்தாரு எப்போ கெளம்பிடுவாரோன்னு அவரத்தான் பாத்துகினு இருந்தேன்."

அருள்மேரி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். "மறுபடி எப்போ போனீங்க?" என்று கேட்டார். "அப்புறம் போறதுக்கு ரெண்டு வருசம் ஆச்சு" என்றார் அப்பா.

அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தை அடியோடு மாற்றி எழுதினார். 'தாசில்தார் கதவைத் திறக்க வேண்டும். திறந்துவிட்டு வெளியே நிற்க வேண்டும். ஆனால் கிளம்பிவிடக் கூடாது' என்று அதில் வருகிறது. பழைய பிரதியின் அந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் அவர் எழுதியிருந்ததை எனக்குக் காட்டினார்: 'இதை எழுதியபோது நான் உள்ளே நின்றுகொண்டிருந்தேன்.'

அதோடு அவர் நிற்கவில்லை. படப்பையிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் உள்ள அவருடைய சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே இடுப்பளவு சுவர் ஒன்று உண்டு. ஊர்த்தெருக் குடும்பங்களுக்கு ஒரு பக்கம், காலனிக் குடும்பங்களுக்கு மறுபக்கம். இரு சாராரும் ஒரே பூசை கண்டவர்கள். அருள்மேரி ஊர்த்தெருக்காரர். சுவரை எடுக்கச் சொல்லி, சர்ச் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைக்கு மூன்று கடிதம் எழுதினார். பதில் இல்லை. கலெக்டருக்கு மனு எழுதி, என்னையே தாக்கல் செய்யச் சொன்னார்.

கலெக்டர் ஆபீஸில் இரு தரப்பையும் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்கள். நானும் போயிருந்தேன். பேரவைச் செயலர் அருள்மேரிக்குச் சித்தப்பா மகன். முதல் பதிப்பை மேசைமேல் வைத்து, "அரசாங்கம் உள்ள வரக்கூடாதுன்னு நீதானே எழுதியிருக்க? இப்போ நீயே இட்டாந்து வுடுற?" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அருள்மேரி புத்தகத்தைக் கையில் வாங்கிப் பக்கத்தைப் பார்த்தார். "நான்தான் எழுதினேன். அது தப்பு. தீண்டாமை கூடாதுன்னு சட்டம் சொல்றது கோயிலுக்கு மட்டும் இல்ல, கல்லறைக்கும்தான்" என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

சுவர் முழுதாகப் போகவில்லை. ஒரு சவப்பெட்டியைத் தூக்கிப் போகும் அகலத்துக்கு நடுவில் உடைத்தார்கள், அவ்வளவுதான். அதற்கும் அவர் விலை கொடுத்தார். பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க அவரைக் கூப்பிடுவது நின்றது. சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. "வருத்தமா இருக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "இல்லாம? வாசிக்கறது எனக்கு ரொம்பப் பிடிக்கும் சார்" என்றார். ஞாயிறு தவறாமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

அடக்கத்தன்று ஸ்டெல்லா ஒரு காகிதத்தைப் பங்குத்தந்தையிடம் கொடுத்தார். தன்னைக் காலனிப் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று அருள்மேரி எழுதியிருந்தார். பங்குத்தந்தை காலனிப் பெரியவர்களைப் பார்த்தார். அவர்களில் ஓர் அம்மா, "எங்க எடத்துல எங்களுக்கே கம்மியாத்தான் கீது. இருந்தாலும் வரட்டும், அவங்க கேட்டுகினுதானே வராங்க" என்றார். பெட்டி சுவரின் உடைப்பு வழியாகப் போனது. செயலரும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை.

அருள்மேரியின் வாதங்கள் புத்தகத்தில் இருக்கின்றன, யாரும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, "அது தப்பு" என்று அவர் சொன்ன குரல். அதில் கூச்சம் இல்லை, பெருமையும் இல்லை. போன வாரம் ஒரு விசாரணையில், நான் காட்டிய தீர்ப்பு என் வழக்குக்குப் பொருந்தாது என்பது பாதி வாதத்தில் எனக்கே புரிந்தது. முப்பது வருடத் தொழிலில் இப்படிப்பட்ட இடங்களைச் சத்தம் போட்டே தாண்டியிருக்கிறேன். அன்று நிறுத்தி, "நான் சொன்னது தப்பு, அதை விட்டுவிடுகிறேன்" என்றேன். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். தலையை அசைத்தார். "சரி, மேலே சொல்லுங்க" என்றார். சொல்வதற்கு இன்னும் இருந்தது. சொன்னேன்.