தேங்காய் வாங்காத வைத்திலிங்கத்தார்

வைத்திலிங்கத்தார் போய்விட்டார் என்று ஆள் வந்து சொன்னபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து மீன்காரன் தானாகவே விலையைக் குறைத்தான். வாழ்க்கையில் நான் வென்ற ஒரே பேரம் அது. மீனை வாங்காமல் வந்துவிட்டேன்.

அவர் தெமட்டகொடை ரயில் யாட்டில் கிளாக்காக இருந்தவர்; வீடு எங்களுக்கு அடுத்த ஒழுங்கையில், அடுத்த சந்தில். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன்; என் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் இன்று அவர் புகழ் பாட எனக்கு வாய் வரவில்லை. கோபம்தான் வருகிறது.

அவருக்குப் பக்கத்து வளவை வாங்கி வந்த முத்துக்குமாரு ஒரு நாள் வைத்திலிங்கத்தார் முன் பணிவாக நின்றார். "அண்ணை, எங்கடை பொம்பிளையளுக்குக் குளிக்க இடமில்லை. உங்கடை கிணத்தை எங்கடை பக்கம் விட்டு வேலியை அடைக்கட்டோ?"

"அதுக்கென்ன, அடையும். எங்களுக்குப் பைப் வந்திட்டுது."

அன்று வேலி அடைக்கக் கிடுகு ஓலை பிடித்துக் கொடுத்தவன் நான். கிணற்றடித் தென்னையில் பறித்த முதல் குலையை முத்துக்குமாரு கொடுத்தனுப்பினார். இவர் திருப்பி அனுப்பினார். "அயலுக்கை கிணத்துக்குக் கூலி வாங்கிறதோ?" அடுத்த வருடமும் தேங்காய் வந்தது, போனது. பிறகு வரவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து வைத்திலிங்கத்தார் மகள் பரமேசுக்குக் கலியாணம் பேசி, அந்தக் கிணற்றடித் துண்டில் வீடு கட்டிக் கொடுக்க அளக்கப் போனார். "எந்தக் கிணறு, அண்ணை? அது என்ரை வளவுக்கை எல்லோ கிடக்குது" என்றார் முத்துக்குமாரு. வழக்கு கோட்டுக்குப் போனது.

பத்து வருடம் உரிமைக்காரனின் உரிமையை ஏற்காமல் ஒருவர் ஆண்டுவந்தால், சட்டப்படி ஆண்டவருக்கே காணியாம். "ஒரு தேங்காய் வாங்கியிருந்தாலும் போதும், உங்கடை காணி எண்டு அவர் ஒப்புக்கொண்டதாய்க் காட்டியிருப்பன்" என்று எங்களுக்காக வழக்காடிய பிரக்கிராசி தலையில் கை வைத்தார். தேங்காய் அனுப்பியதே இல்லை என்று முத்துக்குமாரு சத்தியம் செய்தார். நான் சாட்சி சொன்னேன். அடுத்த ஒழுங்கைக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். "கிடுகு பிடிச்சனான்" என்றேன். கோடே சிரித்தது. பிறகு இவரிடம், காணிக்காக அவரிடம் எதையாவது வாங்கினீரா என்றார்கள். இவர் நிமிர்ந்து நின்றார். "ஒரு நாளும் இல்லை. நான் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை."

அதோடு வழக்குத் தோற்றது. திரும்பி வரும்போது, "விடும் தம்பி, தண்ணி தானே, குடிக்கட்டும்" என்றார்.

"தண்ணி இல்லை அண்ணை, பரமேசின்ரை வீடு."

 மாப்பிள்ளை வீட்டார் அதன் பிறகு கலியாணப் பேச்சையே எடுக்கவில்லை. பரமேஸ் இன்று கொட்டாஞ்சேனையில் படிப்பிக்கிறாள், தனியாக.

செத்தவீட்டில் முத்துக்குமாரு முன்னுக்கு நின்று அழுதார். பிரேதம் குளிப்பாட்டும் நேரம், "என்ரை கிணத்திலை அள்ளுங்கோ, அயலவர் எல்லோ" என்றார்.  பரமேஸ் அமைதியாகச் சொன்னாள்: "வேண்டாம் மாமா. பைப்பிலை பிடிச்சிட்டம்."

அவருடைய பெருந்தன்மையை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. நாலு பிள்ளைக்காரனுக்கு அது கட்டாது. அவர் ஒரு நாளும் படாத கோபத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முத்துக்குமாரு தெருவில் வணக்கம் சொல்கிறார். நான் திருப்பிச் சொல்வதில்லை. அண்ணர் இருந்தால் ஏசுவார். ஏசட்டும்.