முப்பத்தெட்டு விரல் பஸ்

எங்கள் சித்தப்பா எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டாவது தடவையும் கோட்டைவிட்ட வருஷம் எனக்கு எட்டு வயது. அப்பா ஒன்றும் திட்டவில்லை. அதுதான் வீட்டில் எல்லோரையும் பயமுறுத்தியது. ஒரு வாரம் கழித்து, ஆடி பிறப்பதற்குள் தம்பி ஒரு வேலை தேடிக்கொள்ளாவிட்டால் கீரமங்கலத்தில் தெரிந்தவருடைய தேங்காய் மண்டியில் மட்டை உரிக்க அனுப்பிவிடப் போவதாக அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். இத்தனைக்கும் சித்தப்பா அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார்.

சித்தப்பாவுக்கு வேலை ஆசை இல்லாமல் இல்லை. புதுக்கோட்டையில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. வெறும் எலும்புக்கூடாக வரும் வண்டிக்கு அங்கே மரச்சட்டம் அடித்து, தகரம் போர்த்தி, சீட்டு போட்டு, பெயிண்ட் அடித்து மாப்பிள்ளை மாதிரி வெளியே அனுப்புவார்கள். அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவருக்கு உயிர். ஒரு தடவை போய்க் கேட்டும் பார்த்தார். பட்டறை மேஸ்திரி, "கையில என்ன வேலை தெரியும்?" என்று கேட்டாராம். இவர் பேந்தப் பேந்த முழித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

வந்தவர் அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு பஸ் செய்யத் தொடங்கினார்.

பொன்னமராவதியில் எங்கள் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில். மத்தியானம் புதுக்கோட்டை பஸ் வந்து, டிரைவரும் கண்டக்டரும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அரை மணி நேரம் நிற்கும். அந்த அரை மணிக்குள் போய் அளந்துகொண்டு வர வேண்டும். டேப்புக்கெல்லாம் எங்கே போவது? சித்தப்பா ஒரு கணக்கு வைத்திருந்தார். நிஜ பஸ்ஸில் ஒரு சாண் என்றால் எங்கள் பஸ்ஸில் ஒரு விரல் அகலம். முதல் நாள் முன் பம்பரில் ஆரம்பித்து, நடுச் சன்னல் வரைக்கும் இருபது சாண் அளந்து, அந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தார். அதற்குள் டிரைவர் கை கழுவிவிட்டு வந்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே சித்தப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. கண்ணைத் திறக்க முடியாத காய்ச்சல். ஆடிக்கு இன்னும் ஒரு மாசம் கூட இல்லை. எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்து மத்தியான மணி அடித்ததும் சோற்றுக்கு வீட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். சாக்கட்டிக் கோட்டிலிருந்து பின் பம்பர் வரைக்கும் நானே அளந்தேன். பின்னாலுள்ள மூன்று சன்னல்களையும் தனித்தனியாக அளந்தேன். "என்ன தாயி, பஸ்ஸுக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்று கண்டக்டர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. எண்ணிக்கை விட்டுப்போகுமல்லவா?

பதினெட்டுச் சாண். ஆக மொத்தம் முப்பத்தெட்டு. படுக்கையில் கிடந்த சித்தப்பாவிடம் மூச்சு வாங்க ஒப்பித்தேன். அவர் என் தலையில் கை வைத்து, "நீதாண்டி என் பார்ட்னர்" என்றார். எனக்கு ஒரு முழம் உயர்ந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும் எழுந்து உட்கார்ந்து, மாம்பழப் பெட்டிப் பலகையை முப்பத்தெட்டு விரலுக்கு அறுத்துக் கொடுத்தார். அறுத்த களைப்பில் மறுபடி படுத்துவிட்டார்.

அவர் எழுந்திருப்பதற்குள் பின்பக்கத்துச் சீட்டு முழுவதையும் நானே செய்து முடித்துவிட்டேன். தீப்பெட்டிகளை வைத்து, அம்மாவின் பழைய ரவிக்கையிலிருந்து சிவப்புத் துணி வெட்டிப் போர்த்தி, தச்சர் வீட்டில் கெஞ்சி வாங்கிய வச்சிரப் பசையால் பலகையில் ஒட்டினேன். கடைசியில் ஒரு நீளச் சீட்டு. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொல்லியாயிற்று, பஸ்ஸில் பாதி நான் கட்டியது என்று.

உடம்பு தேறியதும் சித்தப்பா நான் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாகப் போய்விட்டு வந்தாராம். அம்மா சொன்னாள். நான் வீடு திரும்பியபோது பலகையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரம்பம் கிடந்தது. "சீட்டு எப்படி இருக்கு சித்தப்பா?" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு ரம்பத்தை எடுத்து உள்ளே வைத்தார்.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. மண்ணெண்ணெய்த் தகரம் பாடி ஆயிற்று. பழைய குடைக் கம்பி, மேலே சாமான் ஏற்றுகிற கேரியரும் ஏணியும் ஆயிற்று. குடைத் துணி சன்னலுக்குச் சுருட்டிவிடும் படுதா. டயர் செருப்பில் வட்டம் வட்டமாக வெட்டிச் சக்கரம். இங்க் ஃபில்லரின் ரப்பர்க் குமிழ்தான் ஹாரன். முன்னால் ரேடியேட்டருக்குக் கம்பி வலை எங்கேயும் கிடைக்காமல் கடைசியில் கிடைத்தது. மறுநாள் அம்மா மாவு சலிக்கச் சல்லடையை எடுத்தாள், நடுவில் ஜன்னல் மாதிரி ஓட்டை. அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் சோறு கிடைத்ததே பெரிய காரியம்.

பஸ் முழுசானபோது அம்மாவுக்கே கோபம் போய்விட்டது. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எல்லாம் சரிதான், பின்னாடி மட்டும் என்னா இப்படி நீண்டு கெடக்கு?" என்றாள்.

"கூட்டம் ஜாஸ்தி மதினி. எடம் வேணும்ல" என்றார் சித்தப்பா. என்னிடம் மட்டும் ஒரு கட்டளை போட்டார். பஸ்ஸை ஒருபோதும் கவிழ்க்கக் கூடாது, அச்சு ஒடிந்துவிடும்.

ஆனி கடைசிச் சனிக்கிழமை நாங்கள் புதுக்கோட்டைக்குப் போனோம். நானும் வருவேன் என்று தரையில் புரண்டு அழுது இடம் பிடித்திருந்தேன். பஸ் பஸ்ஸுக்குள் ஏறியதும் வண்டியே அமளிதுமளிப்பட்டது. "இதுக்கும் ஒரு டிக்கெட் போடட்டுமா?" என்றார் கண்டக்டர். ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் ஹாரனை அமுக்கி அமுக்கிச் சிரித்தார். சித்தப்பாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வழி முழுவதும் உள்ளங்கை வியர்வையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார். எனக்குப் பயமே இல்லை. பாதி நான் கட்டியது ஆயிற்றே.

பட்டறை மேஸ்திரி ஒல்லியான மனிதர். காதில் பென்சில். பஸ்ஸை மேசையில் வைத்ததும் ஒரு சுற்று வந்தார். "என்ன அளவு?" என்றார். சித்தப்பா சொன்னார். மேஸ்திரி இன்ச் டேப்பை எடுத்து முன்பக்கத்தை அளந்தார். பானெட், கதவு, டிரைவர் சன்னல் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே போனார். பின்பக்கம் வந்ததும் ஆட்டம் நின்றது. மறுபடி அளந்தார்.

"முன்னாடி ஒரு நூல் பெசகலை. பின்னாடி எல்லாமே ஒண்ணரை மடங்கா இருக்கு. சன்னல் மூணும் ஒண்ணரை, வாலும் ஒண்ணரை. இது ஏனோதானோன்னு வந்த தப்பில்லையே. அளந்தது வேற கை."

மேஸ்திரியின் கண் மெதுவாகக் கீழே இறங்கி என்மேல் நின்றது. "இங்கிட்டு வா தாயி. கையை நீட்டு." நீட்டினேன். சித்தப்பாவின் கையையும் பக்கத்தில் விரிக்கச் சொன்னார். என் சாண் அவர் சாணில் முக்கால் கூட இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாண் என்றால் சாண்தான், அது யார் கையாக இருந்தால் என்ன என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். ஐயோ, சித்தப்பாவை மட்டை உரிக்க அனுப்பப் போவது நான்தான்! உதடு பிதுங்கி, அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அளந்தது புள்ள. சரி. கட்டுனவன் நீதானே, ஒனக்குத் தெரியலையா?" என்றார் மேஸ்திரி.

"தெரியும்ங்க" என்றார் சித்தப்பா.

அழுகைக்கு நடுவிலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எவ்வளவு பெரிய பொய்! தெரிந்திருந்தால் யாராவது வாலை நீட்டிக் கட்டுவார்களா? மேஸ்திரியும் நம்பவில்லை போலிருந்தது. பஸ்ஸைத் தூக்கினார், கவிழ்த்தார். அச்சு ஒடிந்துவிடுமே என்று நான் பதறினேன். அடிப்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பஸ்ஸை மெதுவாக நிமிர்த்தி வைத்துவிட்டு, "திங்கக்கெழமை வந்துரு. அளக்குறப்ப மட்டும் புள்ளையக் கூட்டியாராத" என்றார்.

திரும்பி வரும் வழியில் சித்தப்பா எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். நானோ வேறு யோசனையில் இருந்தேன். தப்புச் செய்து மாட்டிக்கொண்டால் கூசாமல் "தெரியும்ங்க" என்று சொன்னால் போதும், பெரியவர்கள் மடங்கிவிடுவார்கள். அடுத்த வாரமே கணக்கு சாரிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன். சாயங்கால மணி அடிக்கிற வரைக்கும் முட்டி போட்டிருந்தேன்.

சித்தப்பா அந்தப் பட்டறையிலேயே மேஸ்திரியாகி ஓய்வும் பெற்றார். எனக்குக் கல்யாணம் ஆனபோது பஸ்ஸைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்து, அப்போதும் அதையே சொன்னார், கவிழ்க்காதே என்று. பீரோவின் மேலேயே பத்திரமாக இருந்தது. போன சரஸ்வதி பூசைக்குத் துடைக்கிறபோது என் பேத்தி யாரைக் கேட்டாள்? தூக்கிக் கவிழ்த்துவிட்டாள். அச்சு ஒன்றும் ஒடியவில்லை.

பலகையின் அடியில் முப்பத்திரண்டாவது விரலில் குறுக்காக ஒரு பென்சில் கோடு இருந்தது. பக்கத்தில் சித்தப்பாவின் கோழிக் கிறுக்கலில் "இங்கே அறுக்கணும்" என்று எழுதி, அதை அடித்துவிட்டு, கீழே இன்னொரு வரி: "பாப்பா போட்ட சீட்டு. இருக்கட்டும்."

சித்தப்பா மேஸ்திரியிடம் புளுகி வேலை வாங்கிய கதையை எங்கள் வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் நான் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். எல்லோரையும் விட அவர்தான் அதிகமாகச் சிரிப்பார்.